இரண்டு முகவரி வாழ்க்கை: பழனி மலை வரலாற்றில் பயணமும் இருப்பிடமும்

அறிமுகம்

பள்ளிச் சேர்க்கை விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு வரை எந்தப் படிவத்தை எடுத்தாலும் அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று தற்போதைய முகவரி, மற்றொன்று நிரந்தர முகவரி. பலரும் இரண்டாவது கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுத முடியாதவர்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

மடிக்கணினியும் இணையமும் இருந்தால் போதும், எந்த ஊரிலிருந்தும் சம்பாதிக்கலாம் என்ற நிலையில் ஊர் ஊராக மாறி வாழ்பவர்களை இன்று 'டிஜிட்டல் நாடோடிகள்' என்கிறோம். ஜப்பானியப் பொறியாளர் சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997ஆம் ஆண்டு இதே பெயரில் ஒரு நூல் எழுதினர். தொழில்நுட்பம் மனிதனை மீண்டும் நாடோடியாக்கும் என்பது அந்நூலின் கணிப்பு. எஸ்தோனியா நாடு 2020இல் இத்தகையோருக்கென்றே தனி விசா கொண்டுவந்தது. இவ்வாழ்க்கையை மேற்கொண்டவர்கள் சில ஆண்டுகளில் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கும் போகலாம், ஆனால் திரும்பி வர ஓர் இடம் வேண்டாமா?

இக்கேள்வி புதியதன்று. பழனி மலைத்தொடரில் கடந்த இருநூறு ஆண்டுகளில் மட்டும் குறைந்தது நான்கு வகை மக்கள் இதற்குத் தத்தம் வழியில் விடை தேடியுள்ளனர். அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், வீடு வைத்திருப்பது வேறு, ஊர் உடையவராக இருப்பது வேறு என்பது புலப்படும்.

பள்ளங்கியும் சுற்றுப்புறமும்

திண்டுக்கல் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் கிளையே பழனி மலை. அதன் மேல்பகுதியில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. கொடைக்கானலுக்கு வடக்கே வில்பட்டியை அடுத்து உள்ள மலைக்கிராமம் பள்ளங்கி. சரிவுகளைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் முதலியன இப்பகுதியில் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 180 ஆண்டுப் பழமையுடையது. மலைக்கிராமங்கள் அதைவிட மூத்தவை. நகரத்துக்கு வந்து போகிறவர்கள் நகரத்தின் கதையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் இருப்பிடம் என்ற பொருளைப் புரிந்துகொள்ளக் கிராமத்தின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

பளியர்: போவதும் வருவதும்

பழனி மலையின் காட்டுச் சரிவுகளில் வாழும் தொல்குடியினர் பளியர். தேன் எடுத்தல், காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்தல் முதலியவை அவர்களது மரபான தொழில்கள். அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் எம். கார்ட்னர் 1960களின் தொடக்கத்தில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்தார். சில காலம் காட்டில் உணவு தேடி வாழ்வதும், சில காலம் தோட்டங்களில் கூலி வேலை செய்து வாழ்வதும், மீண்டும் காட்டுக்குத் திரும்புவதும் அவர்களிடையே காணப்பட்டன. இதை அவர் இரு பண்பாடுகளுக்கு இடையிலான ஊசலாட்டம் என்று விளக்கினார். காட்டிலிருந்து சமவெளிக்கு ஒரே திசையில் நகரும் 'முன்னேற்றம்' என்று இதைக் கொள்ளக்கூடாது என்பது அவர் கருத்து. இரண்டு வாழ்க்கையும் அவர்களுக்குத் தெரியும். காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, பளியருக்குக் கல்வீடு இல்லை என்பதாலேயே இருப்பிடம் இல்லை என்று கூற முடியாது. எந்த ஓடையில் எப்போது நீர் வற்றும், எந்தப் பாறையில் தேன் அடை கட்டும், எந்தச் சரிவில் கிழங்கு கிடைக்கும் என்ற அறிவே அவர்களை அந்த மலையோடு இணைத்தது. இருப்பிடம் என்பது முதலில் ஓர் இடத்தைப் பற்றிய அறிவு என்பதற்குப் பளியர் சான்று.

மலை உழவர்: கீழே சந்தை, மேலே வயல்

மலையின் முக்கிய உழவர் சமூகங்களில் ஒன்று குன்னுவர். தங்கள் முன்னோர் சில நூற்றாண்டுகளுக்கு முன் கோவைப் பகுதிச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக்கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதிகளில் இக்கதை பதிவாகியுள்ளது.

மலையேறிய பிறகும் சமவெளியோடு உள்ள உறவு அறுந்துவிடவில்லை. உப்பும் துணியும் கீழிருந்தே வரவேண்டும். மேலே விளைந்தது கீழே போகவேண்டும். இன்றும் மலைப்பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. விவசாயி சரக்கோடு இறங்குவார், பணத்தோடு ஏறுவார். ஆனால் அவரது பயணத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. விதைப்புக்கும் அறுவடைக்கும் ஊரில் இருந்தே ஆகவேண்டும். ஊர்த் திருவிழாவுக்கும் இருந்தே ஆகவேண்டும். நாட்காட்டி அவரைத் திரும்ப அழைத்தது.

சமவெளி வேலையும் மலை வீடும்: 1845

வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று திட்டமிட்டு அமைந்த குடியிருப்புதான் கொடைக்கானல். 1821இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு, வெள்ளகவி கிராமத்தில் தங்கி இம்மலையை அளவிட்டார். 1834இல் மதுரை துணை ஆட்சியராக இருந்த ராட்டன் செண்பகனூரில் சிறு பங்களா ஒன்று கட்டினார்.

அதே 1834இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் தங்கள் பணியைத் தொடங்கினர். மதுரையின் வெயிலும், காலராவும், வயிற்றுப்போக்கும் அவர்களைப் பெரிதும் பாதித்தன. முதல் பத்தாண்டுகளிலேயே பெரியவர்களும் குழந்தைகளும் பலர் இறந்தனர். அருகிலிருந்த சிறுமலைக்கு முதலில் சென்று பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர் 1845இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினர். ஆங்கிலேயரின் மலை வாசத்தலங்கள் நிறைந்த இந்தியாவில், அமெரிக்கர் தொடங்கி வைத்த மலைநகரம் என்ற தனிச்சிறப்பு கொடைக்கானலுக்கு இதனால் கிடைத்தது.

ஓய்வுக்காக ஏற்பட்ட வீடுகளைப் போல இவை தோன்றினாலும், உயிர் பிழைப்பதற்கான ஏற்பாடாகவே தொடங்கின. ஆண்டின் பெரும்பகுதி சமவெளியில் ஊர் ஊராகச் சுற்றும் வேலை. கோடையில் சில வாரங்கள் மலையில் குடும்பத்தோடு வாழ்வு. அந்த வாரங்களிலும் வேலை நிற்கவில்லை. கடிதங்களும் அறிக்கைகளும் மலையிலிருந்தே எழுதப்பட்டன, கூட்டங்கள் மலையிலேயே நடந்தன.

சென்னை மாகாண அரசும் கோடைதோறும் கோப்புகளோடு உதகமண்டலத்துக்கு ஏறியது. இந்திய அரசு 1864 முதல் சிம்லாவைக் கோடைத் தலைநகராகக் கொண்டது. தபாலும் தந்தியும் இருந்தால் தொலைவிலிருந்தே நிர்வாகம் செய்யலாம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. இன்றைய இணைய இணைப்பின் இடத்தில் அன்று தபால்காரரின் கால்கள் இருந்தன.

பள்ளி வந்தது, வீடு வேரூன்றியது

இரண்டு பங்களாக்களால் மட்டும் ஓர் இடம் இருப்பிடமாகிவிடாது. சமவெளிப் பணியாளர்களின் குழந்தைகள் எங்கே படிப்பது என்ற கேள்வி நீண்ட காலம் தீராமல் இருந்தது. கல்விக்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுப் பல ஆண்டுகள் பார்க்காமல் இருந்த பெற்றோர் உண்டு. 1901இல் கொடைக்கானலில் ஹைகிளர்க் என்ற விடுதிக் கட்டடத்தில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதன் தொடர்ச்சியே.

பள்ளியின் விடுமுறையும் இரண்டு ஊர் வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்தது. சமவெளி சுடும் மாதங்களில் பெற்றோர் மலையேறிக் குழந்தைகளோடு தங்கினர். மலை குளிரும் மாதங்களில் நீண்ட விடுமுறையில் குழந்தைகள் பெற்றோரிடம் இறங்கினர். குடும்பம் ஆண்டுக்கு இருமுறை சேரும்படி நாட்காட்டியே வகுக்கப்பட்டது. குழந்தை எங்கே படிக்கிறதோ அதுவே குடும்பத்தின் நிலையான புள்ளி என்பது ஆசிரியர்கள் யாவரும் அறிந்த உண்மை. கட்டுரையாளர் பணியாற்றிய நாட்களில், ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் பெற்றோரைப் பலமுறை கண்டதுண்டு. ஊர் மாறுவது பெரியவர்களுக்கு ஒரு வாரத்து வேலை. குழந்தைக்கு ஓராண்டு பிடிக்கும்.

ஏற்றிவிட்டவர்களும் நிலைத்திருந்தவர்களும்

1875இல் ரயில் பாதை அம்மையநாயக்கனூர் வழியாக வந்தது. அந்த நிலையமே இன்றைய கொடைக்கானல் ரோடு. அதற்கு முன்பும் பின்பும் மலையேற்றம் கால்நடையாகவே இருந்தது. பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி. அங்கிருந்து மட்டக்குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ செல்ல வேண்டும். பெட்டி, படுக்கை, பாத்திரம் யாவும் தலைச்சுமையாக ஏறின. மேஜர் லா வகுத்த வண்டிச்சாலை 1914இல்தான் முழுமையடைந்தது.

ஆக, ஒருவரின் இரண்டு ஊர் வாழ்க்கைக்குப் பின்னால் பலரின் தோள்கள் இருந்தன. சமவெளியில் மிஷன் பள்ளிகள் கோடையிலும் இயங்கின என்றால், அங்கேயே தங்கியிருந்த உள்ளூர் ஆசிரியர்களும் உபதேசியார்களுமே காரணம். வார்டு தங்கி மலையை அளந்த வெள்ளகவி, பழைய நடைபாதையில் இருந்த கிராமம். புதிய சாலை வேறு வழியில் சென்றதால், அவ்வூர் நெடுங்காலம் வாகனச் சாலை இல்லாமலே இருந்தது.

நிலைத்திருப்பதன் பயனுக்கு மலையிலேயே மற்றொரு சான்று உள்ளது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். அங்கு பணியாற்றிய ஜான் எவர்ஷெட், 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது 'எவர்ஷெட் விளைவு' எனப்படுகிறது. ஒரே இடத்தில், ஒரே வேலையை, தலைமுறை தலைமுறையாகச் செய்ததால் சேர்ந்த செல்வம் அந்தப் படத்தொகுப்பு. எல்லா வேலையும் எங்கிருந்தும் செய்யக்கூடியதன்று. சில வேலைகளுக்கு ஒருவர் நின்றே ஆகவேண்டும். பூண்டு வயலும் அத்தகையதே.

போனவரையும் கணக்கில் வைத்த ஊர்கள்

ஊரைவிட்டுப் போனவரும் ஊராராகவே இருக்கத் தமிழ்ச் சமூகம் ஒரு வழி வைத்திருந்தது. இதைக் காணச் சற்று மலையிறங்கிச் செட்டிநாடு வரை செல்ல வேண்டும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலும் பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். கடைகளை நடத்தச் சென்ற முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் சென்று திரும்பினர். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருந்தது. நகரத்தாருக்கு ஒன்பது நகரக்கோயில்கள் உண்டு. திருமணமான ஒவ்வோர் ஆண்மகனும் தன் கோயிலில் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்படுகிறார். ரங்கூனில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் அவர் புள்ளிதான். புள்ளிக்குரிய வரியை அவர் செலுத்தியாக வேண்டும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது பலர் தொழிலை இழந்து ஊர் திரும்பினர். திரும்பி வர ஓர் ஊர் இருந்தது என்பதே அன்று அவர்களுக்கு மிஞ்சிய சொத்து. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்து வரும் மரபு இன்றும் தொடர்கிறது.

இது செல்வர்களின் ஏற்பாடு மட்டுமன்று. இராமநாதபுரம் பகுதியிலிருந்து செம்மறிக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, மாவட்டம் மாவட்டமாகச் செல்லும் கீதாரிகளுக்கும் சொந்த ஊர் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குக் குடும்பக் கணக்கில் வாங்கும் 'தலைக்கட்டு வரி'யும் இதே முறைதான். சென்னையில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும் தலைக்கட்டு வரியைக் கொடுத்தவர் ஊர்க்காரர். இரண்டு மாடி வீடு கட்டிப் பூட்டி வைத்துவிட்டு வரி கொடுக்காதவரை ஊர் அப்படிக் கருதுவதில்லை.

இரு ஊரிலும் அயலாரானவர்கள்

விரும்பிச் செல்பவர்க்குத்தான் பயணம் சுதந்திரம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி, இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவாயிற்று. அம்மக்களைக் கேட்டு எடுத்த முடிவு அன்று அது. மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் குடியேறினர். கொடைக்கானல் பகுதியில் வாட்டில், யூகலிப்டஸ் காடுகளில் மரம் வெட்டும் கூலிகளாகப் பலர் வேலை செய்தனர்.

'தாயகம் திரும்பியோர்' என்பது அவர்களுக்கு அரசு வைத்த பெயர். அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது இலங்கையில். அங்கே இந்தியர் என்றனர், இங்கே இலங்கைக்காரர் என்றனர். இரண்டு முகவரி இருந்தும் ஒன்றிலும் உரிமை இல்லாத நிலை அது. சட்டம் தரும் உரிமையும் அண்டை வீட்டாரின் ஏற்பும் இல்லாவிட்டால் இருப்பிடம் முழுமையாகாது என்பதை அவர்கள் வாழ்க்கை காட்டுகிறது.

2020க்குப் பின்

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அலுவலகம் வீட்டுக்குள் நுழைந்தது. வீடு எங்கே இருந்தால் என்ன என்று எண்ணியவர்கள் சென்னை, பெங்களூரு, கோவை போன்ற நகரங்களிலிருந்து மலைக்கு வந்தனர். வட்டக்கானல், வில்பட்டி, பள்ளங்கி பக்கங்களில் மாத வாடகைக்குத் தங்கி மடிக்கணினியில் வேலை செய்பவர்களைக் காண்பது இப்போது வியப்பில்லை.

இவர்களால் நன்மை இல்லாமலில்லை. உள்ளூர்க் கடைக்கு வியாபாரம், வீட்டுக்காரருக்கு வாடகை, இளைஞர்களுக்குச் சில வேலைகள் கிடைக்கின்றன. பட்டணம் போய்ப் படித்த மலைப்பிள்ளைகள் வேலையை விடாமலே சொந்த ஊரில் தங்கவும் முடிகிறது. மறுபக்கம், வயலைவிட விடுதி லாபம் என்றாகும்போது படிக்கட்டு வயல்கள் கட்டடமாகின்றன. கோடையில் ஓடைநீர் குறையும் நேரத்தில்தான் வருகையும் கூடுகிறது. சுற்றுலா நெரிசலைக் கட்டுப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. வெளியூர் வாகனங்களுக்குப் பதிவு தேவை. உள்ளூர் மக்களுக்கு விலக்கு உண்டு. அப்படியானால் யார் உள்ளூர்க்காரர் என்ற பழைய கேள்வி மலையடிவாரச் சோதனைச்சாவடியிலேயே எழுந்துவிடுகிறது.

இக்கேள்விக்கு இந்தியத் தேர்தல் சட்டத்தில் ஒரு நல்ல விடை உண்டு. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு தொகுதியில் வழக்கமாக வசிப்பவரே அங்கு வாக்காளராகலாம். ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கு வழக்கமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் அந்தத் தகுதியை இழக்கவும் மாட்டார் என்றும் அதே பிரிவு கூறுகிறது. தலைக்கட்டு வரி வாங்கும் கிராமத்தின் கணக்கும் ஏறக்குறைய இதுவே.

வரலாறு தரும் பாடம்

மேலே கண்ட வரலாற்றிலிருந்து, பயணத்தையும் இருப்பிடத்தையும் சேர்த்து நடத்த விரும்புவோர் மூன்று செய்திகளைப் பெறலாம்.

முதலாவது, திரும்பும் காலத்தை முன்பே வகுத்துக்கொள்வது. மலை உழவருக்கு விதைப்பும் திருவிழாவும், மிஷனரிக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறையும், நகரத்தாருக்கு மூன்றாண்டுத் தவணையும் அவ்வாறு அமைந்தன. 'நேரம் கிடைக்கும்போது வருகிறேன்' என்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

இரண்டாவது, ஊருக்கு உரியதைச் செலுத்துவது. அது வரியாகவோ, நன்கொடையாகவோ, நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதாகவோ, உள்ளூர்ப் பள்ளிக்கு மாதம் ஒருநாள் சென்று பிள்ளைகளுக்குக் கணினி கற்பிப்பதாகவோ இருக்கலாம். வாடகை வீட்டுக்குரிய கட்டணம். அதைக் கொடுத்ததால் ஊர்க்கணக்கு தீர்ந்துவிடாது.

மூன்றாவது, நிலைத்திருப்பவர்களை மதிப்பது. நாம் போய் வருவதற்காக யாரோ ஒருவர் அங்கேயே இருக்கிறார். வயலுக்கு நீர் பாய்ச்சுகிறார், பள்ளியைத் திறக்கிறார், சாவியை வைத்திருக்கிறார். அவருக்கு அந்த ஊரில் வாழ வழியில்லாமல் போனால், நாம் திரும்பி வருவதற்கும் ஊர் இருக்காது.

படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் எந்த ஊரையும் எழுதலாம். அது உண்மையா என்பதை அந்த ஊரிலிருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.